எலி அறை யூவி விளக்கு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஆய்வுக்கு எலி, சுண்டெலி, முயல் வளர்க்கும் அறைகளில் கிருமி கொல்லப் பூட்டும் யூவி (புறஊதா) விளக்கு திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான கோளாறுகளைத்தான் காட்டுகிறது. கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இந்த விளக்குகளைப் பழுது பார்த்து வருகிறவன் என்ற முறையில் அவற்றை அறிகுறிப்படி எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். இடையில் உள்ளதை விட்டுப் பாய்ந்து புது டியூப் வாங்குகிறவர்களுக்கு, அதே கோளாறு அடுத்த கிழமையும் அங்கேயே நிற்கும்.

நான் சொல்வது 254 நனோமீற்றர் அலைநீளத்தில் எரியும் இரச டியூபைப் பற்றி. உள்ளே வெள்ளைப் பூச்சு இருக்காது, கண்ணாடி தெளிவாக இருக்கும். 15 அல்லது 30 வாட், சாதாரண டியூப்லைட் பட்டியிலேயே பொருந்தும்.

## தொடுவதற்கு முன்

அறையில் விலங்கு இருக்கும்போது திறந்த யூவி விளக்கைப் போடக் கூடாது. சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு நிமிடம்கூடக் கூடாது. 30 வாட் டியூபிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவாட் விழுகிறது. மனிதக் கண்ணுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு என்று நெடுங்காலமாக வைத்திருந்த எல்லையை அந்த இடத்தில் ஒரு நிமிடத்திலேயே தொட்டுவிடலாம். வெள்ளை எலிக்குக் கண்ணில் நிறமியும் கிடையாது.

விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் மூடிய கண்ணாடி யன்னலுக்கு வெளியே நின்று பாருங்கள். சாதாரண யன்னல் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் பக்கங்களும் மூடிய பொலிகாபனேற் முகமூடி, நீளக் கை, கையுறை எல்லாம் வேண்டும். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே தெரியும் மணிக்கட்டும், முகமூடிக்குக் கீழே தெரியும் கழுத்தும்தான் பெரும்பாலும் சுடுபடும்.

டியூபைக் கழற்றுவதென்றால் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிரேக்கரையும் கீழே இறக்குங்கள். வயறிங் மாறியிருக்கும் பழைய கட்டடங்களில் சுவிட்ச் நியூற்றலை வெட்டும், லைன் பட்டியில் அப்படியே நிற்கும்.

## சுவிட்ச் போட்டும் எரியவே இல்லை

முதலில் பார்க்க வேண்டியது: கதவு. விலங்கறையில் ஒழுங்காகப் பூட்டிய யூவி விளக்கில், கதவு திறந்தால் விளக்கு அணையும்படி கதவு நிலையில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். மரத்தூளும் முயல் மயிரும் அந்தப் பொத்தானுக்குள் அடைந்தால், கதவு மூடியிருந்தாலும் திறந்திருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். காய்ந்த தூரிகையால் துடைத்துவிட்டுக் கதவை நன்றாகச் சாத்திப் பாருங்கள். மாரி காலத்தில் பலகைக் கதவு ஊதி, முழுதாகப் பொருந்தாமல் நிற்பதும் இதே அறிகுறியைத் தரும்.

கதவுச் சுவிட்சைக் கம்பி போட்டு நிரந்தரமாக இணைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த நாள் காலையில் சாப்பாடு வைக்க உள்ளே போகிறவருக்கு நீங்கள் செய்தது தெரியாது.

அடுத்தது: டியூபின் இரண்டு முனையும் ஹோல்டரில் சரியாகத் திரும்பி இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றித் துடைத்துப் போடும்போது கால் பாகம் திரும்பாமல் நிற்பது சர்வசாதாரணம். பட்டிக்குள் பல்லி செத்துக் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மழை தொடங்கி ஈசல் வரும் நாட்களில் பல்லி ஒளியைத் தேடித்தான் வரும்.

அதற்கு அடுத்தது: ஸ்ராட்டர். ஒரு நல்ல டியூப்லைட்டிலிருந்து கழற்றிப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் வேலை முடிந்தது, கிளிநொச்சிக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 15 வாட் டியூப் இரண்டை ஒரே சோக்கில் (கரண்டை மட்டுப்படுத்தும் சுருளில்) தொடராகப் பூட்டியிருந்தால் 4–22 வாட் என்று எழுதிய ஸ்ராட்டர் வேண்டும். 4–65 வாட் ஸ்ராட்டரைப் போட்டால் ஒழுங்காக எரியாது.

பிறகு: டியூப். மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையின் இரண்டு ஊசிகளையும் தொடுங்கள். சில ஓம் காட்டினால் இழை நல்லது, ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. இரண்டு முனையையும் பார்க்க வேண்டும்.

கடைசியில்: சோக். கருகிய மணம், தார் வடிந்த தடம், தொட முடியாத சூடு இருந்தால் அதுதான். டியூப் 30 வாட் என்றால் சோக்கும் 30 வாட் ஆக இருக்க வேண்டும். 30 வாட் டியூபுக்கு வேண்டிய கரண்ட் ஏறத்தாழ 0.37 அம்பியர். கடையில் இருப்பது 36 வாட் சோக்தானே என்று போட்டால் 0.43, 0.44 அம்பியர் போகும். டியூப் எரியும், ஆனால் முனைகள் சீக்கிரம் கறுத்துச் செத்துப்போகும்.

எலக்ரீசியனைக் கூப்பிட வேண்டிய இடம்: ஸ்ராட்டர், டியூப், சோக் மூன்றையும் மாற்றியும் எரியாவிட்டால், அல்லது விளக்கைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கூப்பிடுங்கள். ட்ரிப் விழுவது எங்கேயோ கரண்ட் கசிவதற்கு அறிகுறி. தண்ணீர் ஊற்றிக் கழுவும் அறையில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

## மினுங்குகிறது, அல்லது முனைகள் மட்டும் சிவந்து நிற்கின்றன

முனைகள் சிவந்து நடுவில் எரியாவிட்டால் ஸ்ராட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உடனே அணையுங்கள், அப்படியே விட்டால் டியூபும் போய்விடும்.

மினுக்கம் பின்னேரங்களில் மட்டும் வருகிறதென்றால் டியூபைக் குறை சொல்லாதீர்கள். ஊரெல்லாம் மோட்டர் போடும் நேரம் அது. இங்கே மின்சாரம் 230 வோல்ற், ஆறு வீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. பிளக்கில் மீற்றரை வைத்து, மினுங்கும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் மின்சார சபைக்கு முறைப்பாடு கொடுக்கிற அதே நாளில் யூவி நேரத்தை இரவு பத்து மணிக்குப் பிறகு தள்ளிவிடுங்கள்.

சூரிய மின்கல இன்வேட்டரில் ஓடும் அறை என்றால் சோக்கின் இரைச்சலைக் கேளுங்கள். மலிவு இன்வேட்டர்கள் சதுர அலையைத் தரும். அதில் பழைய இரும்புச் சோக் உறுமும், சூடாகும். தூய சைன் அலை தரும் இன்வேட்டருக்கு மாற வேண்டும், அது செலவுதான்.

## நீலமாக நன்றாக எரிகிறது, ஆனால் கிருமி சாகவில்லை

இந்த அறிகுறிக்குத்தான் நான் அதிகம் அலைவது, அதிகம் பேசுவதும் இதைப் பற்றித்தான். புதிய தொகுதி எலி வந்து இரண்டு கிழமையில் தும்மத் தொடங்கும், அல்லது அறையைத் துடைத்து எடுத்த மாதிரியில் பற்றீரியா நிறைய வளரும். பராமரிப்பாளரிடம் கேட்டால், “லைட் எரியுதுதானே அண்ணை” என்பார். எரிகிறதுதான். ஆனால் நாம் பார்க்கும் நீலம் கிருமியைக் கொல்லும் கதிர் இல்லை. கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது, அது குறைந்து போன பிறகும் நீலம் அப்படியே இருக்கும்.

எனவே கண்ணை நம்பாமல் தட்டு வைத்துப் பாருங்கள். இதற்கு வேண்டியது ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே இருக்கும்.

### தட்டுச் சோதனை

போசணை ஏகார்த் தட்டுகள் (பற்றீரியா வளர்க்கும் கூழ் உள்ள தட்டுகள்) ஆறேழு எடுத்து, நோய் தராத ஏதாவது ஒரு பற்றீரியாவை எல்லாவற்றிலும் ஒரே அளவாகப் பூசுங்கள். மூடியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் பிளாஸ்ரிக் மூடியும் கண்ணாடி மூடியும் கதிரை மறிக்கும். ஒவ்வொரு தட்டிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றை டியூபுக்கு நேர் கீழே மேசையில் வையுங்கள், ஒன்றைத் தூர மூலையில், ஒன்றைக் கூட்டு இறாக்கையின் அடித்தட்டில், ஒன்றைக் கதவுக்குப் பின்னால், ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வழக்கமாக விடும் நேரத்துக்கு விளக்கைப் போட்டு அணையுங்கள்.

பிறகு தட்டுகளை மூடி, கறுப்புக் கடதாசியில் சுற்றி, 37 பாகையில் ஒரு நாள் வையுங்கள். கறுப்புக் கடதாசி அவசியம். யூவி பட்ட பற்றீரியாக்கள் சில, வெளிச்சம் கிடைத்தால் தங்கள் காயத்தைத் தாங்களே ஆற்றிக்கொள்ளும். தட்டை யன்னலோரம் வைத்தால் விடை பிழைத்துவிடும்.

அடுத்த நாள் தட்டு சொல்வது இப்படி இருக்கும்:

- நேர் கீழே உள்ள தட்டில் மூடாத பாதி சுத்தம், இறாக்கைக்கு அடியில் உள்ளதில் இரண்டு பாதியும் வளர்ச்சி: விளக்கு நல்லது, நிழல்தான் பிரச்சினை.
- நேர் கீழே சுத்தம், தூர மூலையில் மூடாத பாதியிலும் ஓரளவு வளர்ச்சி: நேரம் போதவில்லை.
- எல்லாத் தட்டிலும் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளர்ச்சி: டியூப் அழுக்கு, கிழம், அல்லது போலி.
- எல்லாத் தட்டிலும் மூடாத பாதி சுத்தம், ஆனால் எலிக்கு இன்னும் நோய்: யூவியால் முடியாத ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது நோய் அறைக்கு வெளியிலிருந்து வருகிறது.

### அழுக்கு

முதலில் டியூபையே பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் இங்கே செம்புழுதி யன்னல் இடுக்கு வழியாக வந்து எல்லாவற்றிலும் படியும். டியூபின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு தெரிகிறதா? தெரிந்தால் கதிரில் நல்ல பங்கு அந்தப் புழுதியிலேயே நின்றுவிட்டது. டியூப் ஆறிய பிறகு, ஸ்பிரிற் நனைத்த மென்மையான துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், விரல் எண்ணெயும் கதிரை உறிஞ்சும். கிழமைக்கு ஒரு தரம் துடைப்பது நல்ல பழக்கம், சோளக காலத்தில் இரண்டு தரம்.

இரண்டாவது, அறை. காய்ந்த மூத்திரப் படிவுக்குக் கீழே, மரத்தூள் துகளுக்குப் பின்னால் இருக்கும் கிருமியை யூவி தொடாது. முதலில் கூட்டுதல், பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு கழுவல், பிறகு கிருமிநாசினி, பிறகு காயவிடுதல், கடைசியில்தான் யூவி. ஈரத் தரையில் விளக்கைப் போடுவதும் வீண். கழுவாத அறைக்கு எவ்வளவு நல்ல விளக்கும் உதவாது. இதைப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்: இரண்டாவது டியூபுக்கு ஒதுக்கும் காசை ஒரு நல்ல தூரிகைக்கும் கழுவுகிற ஆளின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள்.

### நிழல்

கதிர் நேர்கோட்டில் போகும், வளையாது. இறாக்கையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் விடுங்கள், கூடுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல் வாய் மேலே பார்க்க வையுங்கள், பாதி நேரத்தில் அணைத்து உள்ளே போய்த் திருப்பி வையுங்கள். வெள்ளைச் சுவர் கதிரைத் திருப்பி அனுப்பும் என்று நினைப்பார்கள். சாதாரண வெள்ளைப் பெயின்ற் இதை உறிஞ்சித்தான் விடும். பளபளப்பான அலுமினியத் தகடு நன்றாகத் திருப்பும். அடித்தட்டுக்கு எதிரே ஒரு தகடு சாய்த்து வைப்பது மலிவான வழி.

### தூரமும் நேரமும்

ஒரு மீற்றரில் 100 மைக்ரோவாட் என்றால் இரண்டு மீற்றரில் அது ஏறத்தாழ 25. தூரம் இரட்டித்தால் நேரம் நாலு மடங்கு. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லிஜூல் வேண்டும் என்று வையுங்கள். சாதாரண பற்றீரியாக்களுக்கு அது தாராளம். ஒரு மீற்றரில் ஏழு நிமிடம் போதும், இரண்டு மீற்றரில் இருபத்தேழு நிமிடம். கூரையில் பூட்டி, தரையைச் சுத்தமாக்க கால் மணித்தியாலம் விடுகிறவர்களுக்கு ஏன் சரிவரவில்லை என்று இப்போது விளங்கும். கூட்டின் பக்கச் சுவரில் கதிர் சாய்ந்து விழுவதால் அதற்கு இன்னும் கூட நேரம் வேண்டும்.

### குளிர்

ஏசிக் காற்று நேரே டியூபில் அடிக்கிறதா? இந்த டியூப்கள் அசையாத காற்றில், 25 பாகை அளவில்தான் முழு வேலை செய்யும். குளிர்காற்று பட்டால் உள்ளே இரச ஆவி குறைந்து கதிரும் கணிசமாகக் குறையும். யூவி ஓடும் நேரம் ஏசியை நிறுத்துங்கள், அல்லது காற்றைத் திருப்பிவிடுங்கள்.

### வயது

நல்ல டியூபுக்கு ஏறத்தாழ 9000 மணித்தியாலம் சொல்வார்கள். விடாமல் எரிந்தால் ஒரு வருடம் சொச்சம். அடிக்கடி போட்டு அணைத்தால் அதற்கு முன்னமே போகும். பூட்டிய திகதியை டியூபின் உலோக முனையில் அழியாத பேனையால் எழுதுங்கள், கதவில் ஒரு கொப்பியைக் கட்டி ஓடிய நேரத்தைக் குறியுங்கள். நான் போகும் அறைகளில் இந்தக் கொப்பி இருக்கும் அறைக்கும் இல்லாத அறைக்கும் உள்ள வித்தியாசம் வாசலிலேயே தெரியும்.

### போலி

கொரோனாக் காலத்தில் யூவி என்ற பெயரில் ஊதா எல்ஈடி விளக்குகள் நிறைய வந்தன, இன்னும் விற்கிறார்கள். 395 அல்லது 405 நனோமீற்றர் என்று எழுதியிருந்தால் அது விலங்கறைக்கு உதவாது. நீலச் சாயம் பூசிய டியூபும் அப்படித்தான். கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும், பெட்டியிலோ முனையிலோ 254 அல்லது 253.7 என்று இருக்க வேண்டும். 254க்கு நிறம் மாறும் சோதனை அட்டை கொழும்பில் எடுக்கலாம். சந்தேகமான டியூபுக்கு அதுவே விரைவான தீர்ப்பு.

### யூவியால் முடியாதது

குடற்புழு முட்டை, முயலின் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை, தடித்த வித்திகள். இவற்றுக்கு யூவியை நம்பவே கூடாது. எலியில் குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க, தெளிவான ஒட்டுநாடாவை ஆசனவாயில் ஒற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். வாழைப்பழ வடிவில் ஒரு பக்கம் தட்டையான முட்டைகள் தெரிந்தால் விளக்கை விட்டுவிட்டுச் சூட்டுக்குப் போங்கள். கூடுகளை 82 பாகை வெந்நீரில் கழுவ வேண்டும், அல்லது ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பெட்டியில்) 121 பாகையில் வைக்க வேண்டும். முயல் கூட்டுக் கம்பிவலைக்கு நீராவி.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: துடைத்து, நிழல் நீக்கி, நேரம் கூட்டி, புது டியூப் போட்டும் தட்டில் வளர்ந்தால் யூவி மீற்றரோடு அளக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தட்டு சுத்தம், எலிக்கு மட்டும் நோய் என்றால் கூப்பிட வேண்டியவர் கால்நடை வைத்தியர். கொழும்பிலிருந்து ஏ9 வழியாக ஒரு நாள் முழுக்கப் பெட்டிக்குள் வந்த எலி நோயைத் தன்னோடே கொண்டுவந்திருக்கலாம். புது எலிகளுக்குத் தனி அறை இருக்கிறதா என்பதுதான் அப்போது முதல் கேள்வி.

## மாரியில் சுவரில் பூஞ்சணம்

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாரும் யூவி நேரத்தைக் கூட்டுவார்கள். அதனால் பெரிதாகப் பயனில்லை. அஸ்பேர்ஜிலஸ் என்ற கறுத்த பூஞ்சணத்தின் வித்திகளில் பத்தில் ஒன்பதைக் கொல்லவே 130 மில்லிஜூல் அளவில் வேண்டும். கூரை விளக்கிலிருந்து இரண்டு மீற்றரில் அது ஒன்றரை மணித்தியாலம். நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மூன்று மணித்தியாலம். அப்படியும் சீமெந்துக்குள் ஊறியிருப்பது சாகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சீற் கூரையில் ஆணி ஓட்டையா, யன்னல் அடியா, தரைக் கழுவல் தண்ணீர் வடியாமல் நிற்கிறதா? அதை அடைத்து, சுவரைச் சுரண்டி, குளோரின் கரைசல் போட்டு, காற்றோட்டம் வைத்துக் காயவிடுங்கள். ஈரம் தரையிலிருந்து சுவரில் ஏறுகிறதென்றால் மேசனைக் கூப்பிடுங்கள். ஈரப்பதன் எழுபது வீதத்துக்கு மேல் நிற்கும் அறையில் காற்றில் மிதக்கும் கிருமிகளின் மேலும் யூவியின் பிடி குறைந்துவிடும்.

## ஆட்களுக்குக் கண் எரிகிறது, அல்லது எலி கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது

ஆட்களுக்கு என்றால்: யூவி பட்டு ஆறு தொடக்கம் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல அராத்தும். பகலில் பட்டது நடுச்சாமத்தில் எழுப்பும், அதனால் பலர் விளக்கைச் சந்தேகிப்பதே இல்லை. இருட்டறையில் இருங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறும். ஆறிவிட்டதென்று விளக்கை அப்படியே விடாதீர்கள், காரணத்தைப் பிடிக்க வேண்டும்.

எலிக்கு என்றால் யூவிக்கு முன் மூக்கைப் பாவியுங்கள். கூட்டைத் திறந்தவுடன் அமோனியா முகத்தில் அடித்தால் படுக்கை மாற்றவில்லை என்று அர்த்தம், கண் எரிச்சலுக்கு அதுவே போதும். கண்ணைச் சுற்றிச் செங்கபில நிறத்தில் காய்ந்த நீர் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், அது இரத்தம் இல்லை. எலி வருத்தமாகவோ நெருக்கடியிலோ இருப்பதற்கு அடையாளம் அது. காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

மணமில்லை, படுக்கை சுத்தம் என்றால் விளக்கைத் தேடுங்கள்.

நேரக் கணிப்பி. கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் 24 மணி நேர முள் கணிப்பி பெரிய ஆபத்து. மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாவிட்டால் கணிப்பியும் மூன்று மணித்தியாலம் பிந்தும். இரவு இரண்டு மணிக்கு அணைய வேண்டிய விளக்கு விடிய ஐந்து மணிக்குத்தான் அணையும். சில நாட்களில் சாப்பாடு வைக்கும் நேரத்துக்கே வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, கையால் முறுக்கினால் குறித்த நிமிடம் ஓடித் தானே அணையும் வகையைப் பூட்டுங்கள். கரண்ட் போய் வந்தாலும் மிச்ச நிமிடம்தான் ஓடும், தானாகத் திரும்பத் தொடங்காது.

கசிவு. கதவின் அடி இடைவெளி, காற்றுப் போகும் லூவர், பக்கத்து அறைக்குத் திறக்கும் மேல் ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் வெளியே சோதனை அட்டை ஒன்றை ஒட்டி ஒரு மணித்தியாலம் விடுங்கள். நிறம் மாறிய இடத்தை றப்பர் பட்டியாலோ தகட்டாலோ அடையுங்கள். றப்பரைக் கதிர் நேரே படாத பக்கத்தில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அது வெடித்துவிடும்.

கதவுச் சுவிட்ச். வெளியே நின்று, யன்னலால் பார்த்தபடி, இன்னொருவரைக் கதவை ஒரு விரல் அளவு இழுக்கச் சொல்லுங்கள். விளக்கு உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த அறையின் பிரேக்கரை இறக்கி, அதில் “போடாதே” என்று எழுதி ஒட்டி, எலக்ரீசியன் வரும்வரை அப்படியே விடுங்கள். எலியின் கண்மணி மங்கலாக, பால் நிறமாக இருந்தால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

## விளக்கு எரிந்தபின் ஒரு மணம்

துடைக்காத அறை என்றால் மயிரும் பொடுகும் கதிர் பட்டு மணக்கும், கழுவினால் போய்விடும். பிளாஸ்ரிக் கருகும் மணம் என்றால் சோக்கையும் வயரையும் பாருங்கள்.

குளோரின் மாதிரிக் கூர்மையாக மூக்கில் ஏறும் மணம் என்றால் ஓசோன். 185 நனோமீற்றர் கதிரையும் வெளியே விடும் டியூப்கள் காற்றிலிருந்து ஓசோனை உண்டாக்கும். அது எலியின் நுரையீரலுக்கும் உங்களுடையதுக்கும் கூடாது. ஓசோன் இல்லாதது என்று பெட்டியில் எழுதிய டியூபுக்கு மாறுங்கள். மாறும்வரை யன்னலைத் திறந்து அரை மணித்தியாலமாவது காற்று விட்ட பிறகே விலங்கை உள்ளே கொண்டுபோங்கள்.

## கூடுகள் மஞ்சளாகி வெடிக்கின்றன

விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் மஞ்சள் என்றால் யூவி. கூடு முழுக்க ஒரே மாதிரி மங்கி, நுண்ணிய கீறல் விழுந்திருந்தால் ஓட்டோகிளேவ் சூடு அல்லது காரமான சவர்க்காரம். இரண்டாவதுக்கு விளக்கை மாற்றிப் பயனில்லை, சவர்க்காரத்தை மாற்றிக் கூட்டை நன்றாக அலசிய பிறகு சூட்டுக்குள் வையுங்கள்.

யூவிதான் என்றால், வெந்நீரில் கழுவிய கூட்டுக்கு யூவியே தேவையில்லை, வெளியே எடுத்து வையுங்கள். ஆனால் கூட்டைப் பார்க்கும்போது வயரையும் பாருங்கள். விளக்குக்குப் பக்கத்தில் ஓடும் வயரின் தோல் வெளிறி, வளைத்தால் வெடிக்கிறதா? அப்படியானால் எலக்ரீசியனைக் கூப்பிட்டு உலோகக் குழாய்க்குள் மாற்றச் சொல்லுங்கள்.

## குடிநீர் யூவி கருவி ஓடியும் போத்தலில் வழுக்கல்

யூவி தண்ணீரில் கிருமி கொல்லும் பொருள் எதையும் விட்டுச் செல்லாது. குளோரின் போலப் பின்னால் நின்று காக்காது. எனவே முதலில் போத்தலையும் குழாய் முனையையும் பாருங்கள். வழுக்கல் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது.

அடுத்தது முன்வடிகட்டி. மண்ணிறமாகிவிட்டதா? மாற்றுங்கள். கலங்கிய தண்ணீருக்குள் கதிர் போகாது.

பிறகு குவாட்ஸ் உறை, அதாவது விளக்கைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் கண்ணாடிக் குழாய். இங்கத்தைக் கிணறுகளில் பல கடினத் தண்ணீர். ஒரு லீற்றரில் 120 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மையோ, 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்போ இருந்தால் உறையில் வெள்ளையாக அல்லது துருநிறமாகப் படியும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை அடைத்து, உறையை எடுத்து வினாகிரியில் அல்லது தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து மென்துணியால் துடையுங்கள். சுரண்டாதீர்கள். அடிக்கடி படிந்தால் முன்னால் ஒரு மென்மையாக்கி வேண்டும், அது செலவு.

கடைசியாக ஓட்டம். கருவியில் எழுதிய வேகத்துக்கு மேல் தண்ணீரைத் திறந்தால் கதிர் படும் நேரம் குறையும். உறையில் வெடிப்பு அல்லது விளக்கு முனையில் ஈரம் கண்டால் நீங்களாகத் தொட வேண்டாம், கருவி தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதுவரை எலிகளுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் கொடுக்கலாம்.

## டியூப் உடைந்துவிட்டது

உள்ளே சில மில்லிகிராம் இரசம் இருக்கிறது. பக்கத்தில் விலங்கு இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, யன்னலைத் திறந்து, கால் மணித்தியாலம் அறையை விட்டு விலகி நில்லுங்கள். தும்புத்தடியால் கூட்ட வேண்டாம், வக்கூம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் இரசத்தைப் பரப்பும். கையுறை போட்டு, தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளுங்கள், பொடியை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள், எல்லாவற்றையும் இறுக மூடும் போத்தலில் போடுங்கள். துண்டு விழுந்த மரத்தூளும் தீனும் அதோடு போக வேண்டும், அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

அந்தப் போத்தலையும், ஆயுள் முடிந்து கழற்றிய டியூப்களையும் வளவுக் குப்பைக் குழியில் போட்டு எரிக்காதீர்கள், கிணறு பக்கத்தில்தான் இருக்கும். புது டியூப் வந்த அட்டைப் பெட்டியில் பழையதை வைத்து, “இரசம்” என்று பெரிதாக எழுதி, இரசாயனக் களஞ்சியத்தில் பூட்டி வையுங்கள். நிறுவனத்தின் மற்ற இரசாயனக் கழிவு போகும்போது அதுவும் போகட்டும்.